ராமநதிக் கரையில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாது

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த தம்பி ஒருவர், கடையம் பக்கத்தில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு வந்தார். நம் தெருவில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, இன்று பெங்களூரில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஓராண்டு பணம் சேர்த்து, தாய்லாந்து நாட்டின் புக்கெட் தீவுக்குப் போய், ஒரு வாரம் டிரையத்லான் பயிற்சி முகாமில் இருந்துவிட்டு வந்திருந்தார். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நாமும் எழுதவில்லை.

டிரையத்லான் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் நடுவில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டி அது. ஒலிம்பிக்கில் 2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் முதன்முதலில் சேர்த்தார்கள். அங்கே 1.5 கிலோமீட்டர் நீந்த வேண்டும், 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். ‘அயர்ன்மேன்’ என்ற பெரிய போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42 கிலோமீட்டர் ஓட்டம். அந்தப் போட்டி தொடங்கியதும் ஒரு தீவில்தான். 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாய்த் தீவுகளில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். வென்றவர் ஒரு டாக்சி டிரைவர். இன்று அதே விளையாட்டுக்குச் சிலர் வைத்திருக்கும் சைக்கிளின் விலையில் நம் ஊரில் வீடு கட்டலாம்.

குளிர்நாட்டுக்காரர்களுக்கு மார்கழி, தை மாதங்களில் ஊரில் நீந்த முடியாது, சைக்கிள் ஓட்ட முடியாது. பனி கொட்டும். அதனால் வெயில் அடிக்கும் தீவுகளைத் தேடிப் போகிறார்கள். ஐரோப்பியர்களுக்கு ஸ்பெயினின் லான்சரோட்டே. ஆசியாவுக்கு வருபவர்களுக்குப் புக்கெட். அங்கே 1994 முதல் டிரையத்லான் போட்டி நடக்கிறது. விடியுமுன் ஐம்பது மீட்டர் குளத்தில் நீச்சல். பிறகு மலைச்சாலையில் சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கிய கையோடு ஓட்டம். அப்போது கால் இரண்டும் கல்லைக் கட்டியது போலக் கனக்கும். அந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் ‘செங்கல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். “எங்க அம்மா சூளையில தலைச்சுமையா சுமந்ததுக்கு யாரும் பேரு வைக்கலண்ணே” என்று சிரித்தார்.

ஓட்டத்தில் அவர் முகாமிலேயே முதல் வரிசை. சைக்கிளிலும் பின்தங்கவில்லை. நீச்சலில் மட்டும் கடைசி. கடலில் நீந்தும்போது நாலைந்து கைவீச்சுக்கு ஒரு முறை தலையைத் தூக்கிக் கரையிலுள்ள அடையாளத்தைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் திசை மாறிவிடும். இவருக்குத் தலையைத் தூக்கினால் கால் முங்கியது. காலைச் சரிசெய்தால் மூச்சுத் திணறியது. அன்று மாலை பயிற்சியாளர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

“உங்க ஊர்ல தண்ணி கிடையாதான்னு கேட்டாருண்ணே. இருக்கு, ரெண்டு பக்கமும் அணை இருக்கு, ஆறு இருக்கு, வாய்க்கால் இருக்கு, கொஞ்ச தூரத்துல குத்தாலம் அருவின்னு சொன்னேன். அப்புறம் ஏன் சின்னப்பிள்ளையிலயே நீச்சல் படிக்கலன்னு கேட்டாரு. எனக்கு அதுக்குப் பதில் சொல்லத் தெரியல. இங்கிலீஷ் தெரியாம இல்ல. அதை எப்படி அவருக்கு வெளங்க வைக்கன்னு தெரியல.”

அவர் அங்கே சொல்லாத பதிலைப் படிப்பகத்தில் பிள்ளைகள் முன்னால் சொன்னார். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இறைக்கப்பட்ட கிணறு

அவருக்கு ஒன்பது வயது இருக்கும். சித்திரை வெயில். நம் தெருப் பையன்கள் மூன்று பேர், வயக்காட்டில் ஒரு பம்புசெட் கிணற்றில் குதித்தார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டு, படியைப் பிடித்துக்கொண்டு, கால் மட்டும் அடித்தார்கள். கிணற்றுக்காரர் வந்தார். அடிக்கவில்லை, வையவில்லை. மேலே ஏறி வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி அந்தக் கிணற்றில் மோட்டார் ஓடியது. விடிய விடிய ஓடியது. காலையில் கிணறு காலி. பையன்கள் இறங்கிய தண்ணீர் முழுவதையும் இறைத்து வெளியே விட்டுவிட்டு, புது ஊற்று ஊறக் காத்திருந்தார்கள்.

“அந்தக் கிணத்துல வெடி வச்சு, கல்லு சுமந்து ஆழப்படுத்துன ஆளுகள்ல எங்க அப்பாவும் ஒருத்தரு. கிணத்துக்காரர் அடிக்கல. எங்கப்பாதான் என்னைய அடிச்சாரு. அதுக்குப் பிறகு தண்ணிப் பக்கமே போகல.”

படிப்பகத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன்தான், “வெட்டும்போது அவரு இறங்கலாம், குளிக்கும்போது நீங்க இறங்கக்கூடாதா மாமா?” என்று கேட்டான்.

தண்ணீரைத் தீட்டுக் கழிக்கும் இந்த வேலை புதிதல்ல. மகாராஷ்டிரத்தின் மகத் நகரில் உள்ள சவுதார் குளம் பொதுக்குளம். பொது நீர்நிலைகளை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டசபை 1923-லேயே தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் அடுத்த ஆண்டு அதை ஏற்றது. தீர்மானம் தாளிலேயே இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்குப் பதிலாக விழுந்தது தடியடி. பிறகு 108 குடங்களில் குளத்துத் தண்ணீரை எடுத்து, மாட்டுச்சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் ஓதித் திரும்பக் குளத்தில் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். வழக்கு பத்தாண்டு இழுத்து, 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது.

கடல் கடந்தாலும் இதே கதைதான். அமெரிக்காவின் செயின்ட் அகஸ்டின் நகரில் 1964 ஜூன் 18 அன்று, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பின இளைஞர்கள் இறங்கினார்கள். விடுதி மேலாளர் குளத்துக்குள் ஆசிட் ஊற்றினார். அந்தப் படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. மகத்தில் சாணம், அங்கே ஆசிட், நம் வயக்காட்டில் மோட்டார்.

ஒரே உட்பிரிவில் மூன்றும்

மாணவர்கள் ஒரு சட்டத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. அது 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. திருத்தத்தில் பிரிவு 3(1)-இல் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், குளிக்கும் துறை ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தால் குற்றம். சாலையிலும் பாதையிலும் போகவிடாமல் தடுத்தால் குற்றம். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டவோ செருப்புப் போடவோ விடாமல் தடுத்தால் குற்றம்.

தண்ணீர், சைக்கிள், பாதை. டிரையத்லானுக்கு வேண்டிய மூன்றும் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. பணக்கார நாட்டுக்காரருக்கு விளையாட்டாக இருக்கும் மூன்று காரியங்களை நாம் செய்வதற்கு நாடாளுமன்றம் உட்கார்ந்து சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்கு முன்பே 1924-ல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுத்தெரு, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நூறு ஆண்டாகத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்றால், தடுப்பது இன்னும் நிற்கவில்லை என்றுதான் பொருள்.

இந்த மூன்றில் இரண்டை நம் பிள்ளைகள் பெருமளவு மீட்டுவிட்டார்கள். ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். விலையில்லாச் சைக்கிள் திட்டம் 2001-02-ல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்காகத்தான் தொடங்கியது. பிறகுதான் எல்லா மாணவருக்கும் விரிந்தது. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்காக வந்த திட்டம் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது என்பதை மறந்துவிடக்கூடாது. ஓட்டத்தைச் சொல்லவே வேண்டாம். காலை ஐந்து மணிக்கு அணைக்குப் போகும் சாலையில் நின்று பாருங்கள். போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் தயாராகும் நம் பையன்கள் இருட்டில் ஓடிக்கொண்டிருப்பார்கள். இப்போது பெண்பிள்ளைகளும் ஓடுகிறார்கள்.

தண்ணீர் மட்டும் பாக்கி.

அது கடைசியாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. பல்வங்கர் பாலு என்று ஒரு கிரிக்கெட் வீரர் இருந்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் பந்துவீசி நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட் எடுத்தவர். அவர் கை பட்ட பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். ஆனால் புனேயில் விளையாடியபோது தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் மைதானத்துக்கு வெளியே தனி மண்குவளை. பந்தில் தீட்டு ஒட்டாதாம், குவளையில் ஒட்டுமாம். நீச்சலில் இந்தச் சமாளிப்புக்கு இடமே கிடையாது. ஒரே தண்ணீர் எல்லார் உடம்பையும் தொடும், எல்லார் வாயிலும் கொஞ்சம் போகும். அதனால்தான் தெருவைத் திறந்தவர்கள்கூடக் கிணற்றைத் திறக்க யோசிக்கிறார்கள்.

மூன்று கேள்விகள்

‘குடிக்கிற தண்ணீருக்கே வழியில்லை, நீச்சல் ஒரு கேடா?’ என்று நம்மவர்களே கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. ஆனால் மகத்துக்குப் போனவர்கள் தாகத்துக்காக மட்டும் போகவில்லை. எல்லாரும் இறங்கும் தண்ணீரில் நாமும் இறங்குவோம் என்று காட்டத்தான் போனார்கள். குடிநீரும் வேண்டும், குளிக்கும் துறையும் வேண்டும். ஒன்றைக் கேட்பதற்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

‘நம் பையன்கள் வாய்க்காலில் நன்றாகத்தான் நீந்துகிறார்கள்’ என்பது இரண்டாவது. நீந்துகிறார்கள், உண்மைதான். யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் பார்த்துக்கொள்ளாமல் நீந்துகிறார்கள். பள்ளி விடுமுறை வந்தால் குளத்தில், கல்குவாரிக் குட்டையில் மூழ்கிச் செத்த பிள்ளைகளின் செய்தி இதே நாளிதழில் வருகிறது. 2021-ல் உலகெங்கும் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பத்தில் ஒன்பதுக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். பள்ளி வயதிலேயே பிள்ளைகளுக்கு நீச்சலும் தண்ணீரில் பாதுகாப்பாக இருக்கும் முறையும் கற்றுக்கொடுங்கள் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அமெரிக்காவில் கல்லன் ஜோன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன் ஐந்து வயதில் ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவில் மூழ்கிப் பிழைத்தான். அவன் தாய், இனித் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று சொல்லவில்லை. நீச்சல் வகுப்பில் சேர்த்தார். அவன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் தங்கம் வென்ற அணியில் இருந்தான். நம் தம்பியை அவர் அப்பா அடித்ததையும் நாம் குறை சொல்லவில்லை. வேறு வழி அவருக்கு யார் கொடுத்தார்கள்?

மூன்றாவது கேள்வி நாம் கேட்பது. பெண்பிள்ளைகள் எங்கே நீந்துவார்கள்? வாய்க்கால்கூடப் பையன்களுக்குத்தான். எந்தச் சாதிப் பெண்பிள்ளைக்கும் நம் பக்கத்தில் நீச்சல் படிக்கச் சரியான இடம் இல்லை. நம் தெருப் பெண்பிள்ளைக்கு இரண்டு பூட்டு. ஒன்று சாதி போட்டது, இன்னொன்று வீடு போட்டது. முதல் பூட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இரண்டாவதை மறைத்தால் நாம் நேர்மையானவர்கள் இல்லை.

தீவு இங்கேதான் இருக்கிறது

புக்கெட்டில் ஆயிரக்கணக்கில் செலவழித்து அவர்கள் வாங்குவது என்ன? வெதுவெதுப்பான தண்ணீர், ஆண்டு முழுக்க வெயில், ஏற்ற இறக்கமுள்ள சாலை, பக்கத்தில் மலை. இவை எல்லாம் கடையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அம்பாசமுத்திரம் சாலை சைக்கிளுக்கு, அணைக்குப் போகும் சாலை ஓட்டத்துக்கு, மேற்கே பார்த்தால் மலை. கடனா அணை 85 அடி, ராமநதி அணை 84 அடி என்று நாளிதழில் தினமும் நீர்மட்டம் போடுகிறார்கள். எத்தனை அடித் தண்ணீர் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தத் தண்ணீருக்கு அருகில் வாழும் எத்தனை பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியும் என்பதற்குக் கணக்கு இல்லை.

அணையில் போய்க் குதியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது ஆபத்து, செய்யக்கூடாது. கேட்பது வேறு. தமிழ்நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், வயல் வேலை பார்த்த பெண்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். ஒரு மாவட்டமே சைக்கிள் பழக முடியும் என்றால், ஒரு மாவட்டமே நீச்சல் பழகவும் முடியும். தென்காசி மாவட்டம் 2019-ல் பிறந்த சின்ன மாவட்டம். இங்கிருந்தே தொடங்கலாம்.

ஒன்றியத்துக்கு ஒரு 25 மீட்டர் நீச்சல் குளம் வேண்டும். அது அரசுப் பள்ளியையோ ஆதிதிராவிடர் நல விடுதியையோ ஒட்டி இருக்க வேண்டும். ஊருக்குள் கட்டினால் பெயருக்குப் பொதுவாக இருக்கும், சாவி ஒருவர் கையில் இருக்கும். சம்பளத்துக்கு வைத்த பயிற்சியாளர் வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் வேண்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே குளத்தில் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். நமக்கென்று தனிக்குளம் கட்டிக் கொடுத்தால் அது இன்னொரு மண்குவளை.

பணம் எங்கே என்று கேட்டால், தமிழ்நாடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024-ல் வந்திருக்கிறது. நம் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும், அதை வேறு வேலைக்குத் திருப்பக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சட்டம். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு இருபது பேர். அந்தப் பங்கில் பிள்ளைகளின் விளையாட்டுக்கும் இடம் உண்டு.

கேட்பதற்கு நாளும் இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று ஊராட்சிதோறும் கிராமசபை கூடும். மகத் நாளான மார்ச் 20-க்கு இரண்டே நாள் பின்னால் அது வருகிறது. வழக்கமாக அன்று குடிநீர் சிக்கனம் பற்றிப் பேசிவிட்டுக் கலைவார்கள். இந்த முறை மாணவர்கள் எழுதிக்கொண்டு போங்கள். ‘எங்கள் ஒன்றியத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும்’ என்று ஒரே வரித் தீர்மானம் போதும். பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தாளில் இருந்தால் போதாது என்பது மகத் சொல்லும் பாடம். ஆனால் தாளிலாவது இருக்க வேண்டும். அங்கிருந்துதான் நடக்கத் தொடங்க முடியும்.

தம்பி பெங்களூருக்குத் திரும்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கேட்டு, பெரியவர்கள் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, படிப்பகப் பிள்ளைகள் எட்டுப் பேரைப் பேருந்தில் ஏற்றி, கட்டணம் கட்டி, ஒரு நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார். போய்த் திரும்பவே பாதி நாள் ஆகிவிட்டது. எட்டில் மூன்று பேர் பெண்பிள்ளைகள். முதல் நாள் யாரும் நீந்தவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை உள்ளே வைத்து, மூச்சை விட்டு, நிமிர மட்டும் பழகினார்கள். திரும்பும் வழியில், மோட்டார் போட்டு இறைத்துவிடுவார்களா என்று கேட்ட அந்த ஆறாம் வகுப்புப் பையன், அடுத்த ஞாயிறும் உண்டா என்று கேட்டான்.

தம்பிக்கு விடுமுறை முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்.